காணாக்கடியும் நம் குடியிருப்பும்

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் புலவர் பெருமக்கள் பலர் நின்று குறளும் சிலம்பும் பேசியிருக்கின்றனர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் ஓர் எழுத்தர் அவர்களுக்கு நிகராக இலக்கியம் பேச இயலாது. ஆயினும், "உடல்நலம் பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது மறுக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக உடன் உறையும் ஒரு நோயைப் பற்றிப் பேசுவதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை அல்லவா?

உடல் சூடேறி வேர்க்கும்போதெல்லாம் தோலில் தடிப்பு எழும் நோய் அது. நம் குடியிருப்பில் இந்நோய் உடையோர் பேசுபவர் ஒருவர் மட்டும் அல்லர். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், வேலை தேடும் இளைஞர், இல்லத்தரசியர் எனச் சிலர் உள்ளனர். அவர்களிற் பலர் தங்கள் நோயை வெளியில் சொல்வதில்லை. அவர்கள் அனைவர் சார்பிலும் பேசுவதால் 'நாங்கள்' என்றே சொல்லப் போகிறோம். நீங்கள் பொறுத்தருள வேண்டும்.

நோயின் இயல்பு

மேம்பாலப் படிகளை விரைந்து ஏறுகிறோம். அல்லது சுடுநீரில் குளிக்கிறோம். அல்லது காரக் குழம்பு ஊற்றிச் சோறு உண்கிறோம். உடல் சூடேறி வேர்வை அரும்பும் அந்த நேரத்தில் கழுத்திலும் மார்பிலும் கைகளிலும் ஊசி முனையால் குத்துவதுபோல் சுருக்கென்று தோன்றும். சில நிமிடங்களில் கேழ்வரகு அளவிலும் கடுகு அளவிலும் சிறு தடிப்புகள் எழும். ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் முதல் 3 மில்லிமீட்டர் வரைதான். ஆனால் அதைச் சுற்றிச் செவ்வட்டம் படரும். வட்டங்கள் ஒன்றோடொன்று கூடினால் மார்பு முழுவதும் சிவந்துவிடும். நம்மிற் பெரும்பாலோர் மாநிறத்தினர், கருநிறத்தினர். ஆதலால் அச்சிவப்பும் பிறர் கண்ணுக்கு நன்கு புலப்படுவதில்லை. அரிப்பும் எரிச்சலும் மட்டும் எங்களை ஓரிடத்தில் இருக்கவிடா. பிறகு, அரை மணியிலோ ஒரு மணி நேரத்திலோ, வந்த சுவடே தெரியாமல் எல்லாம் மறைந்துவிடும்.

உழைப்பும் வெப்பமும் மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டா. கோபம், நாணம், அச்சம் ஆகியவையும் உடலைச் சூடேற்றி வேர்வையை வரவழைப்பவை. இதோ, இந்த ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றவுடன் பிடரியில் இரண்டு மூன்று இடங்களில் சுருக்கென்றது. இதைவிட வேறு சான்று தேட வேண்டியதில்லை. (சிரிப்பு)

இந்நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. ஓடவும் ஆடவும், வேலை தேடவும், மணம் பேசவும் உரிய பருவம் அது. துன்பத்தின் பெரும்பகுதி அதனாலேயே விளைகிறது.

தோலில் திடீரென்று எழுந்து மறையும் தடிப்பை நம் பாட்டிமார் 'காணாக்கடி' என்றனர். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்துவிட்டது என்பது அவர்கள் கருத்து. இங்கே அண்டை வீட்டு இந்தி பேசுவோர் 'பித்தி' என்பர். மராத்தியர் உடம்பில் பித்தம் எழுந்தது என்பர். பூச்சியும் இல்லை, பித்தமும் இல்லை என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. எனினும் 'காணா' என்ற சொல் எங்கள் நோய்க்கு மிகவும் பொருந்துகிறது. கடித்ததை நாங்கள் காண்பதில்லை. கடியுண்டதை நீங்கள் காண்பதில்லை. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு செய்தியைப் பற்றியதே.

வேறு சில துன்பங்களோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. வேர்க்குரு என்பது வேர்வைக் குழாய்களின் வாய் அடைபடுவதால் வருவது; அது நாட்கணக்கில் தங்கும். எங்கள் தடிப்போ ஒரு மணி நேரத்து விருந்தாளி. மற்றைய காணாக்கடியில் காசு அளவிலும் கையகலத்திலும் பெருந்தடிப்புகள், வேர்வைக்குத் தொடர்பின்றி, நினைத்த நேரத்தில் எழும். குளிரால் தடிப்பு எழுவோரும் உளர். காணாக்கடி என்றவுடன் கம்பளியைப் போர்த்திப் படுக்கவைக்கும் வழக்கம் இப்பக்கத்து வீடுகள் பலவற்றில் உண்டு. குளிரால் வரும் தடிப்புக்கு அது இதமாயிருக்கக்கூடும். எங்களுக்கோ அது எரியும் அடுப்பில் விறகை அடுக்குவதாகும்.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

நம் தந்தையர் காலத்து நீராவி எஞ்சினை நினைவுகூருங்கள். கொதிகலத்தில் அழுத்தம் மிகுந்தால் பாதுகாப்பு வால்வு தானே திறந்து ஆவியை வெளியேற்றும். நம் உடலுக்கு அத்தகைய வால்வு வேர்வை. உடலில் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் உள்ளன. உடலின் சூடு ஏறியதை மூளை உணர்ந்ததும் நரம்பு வழியே கட்டளை அனுப்புகிறது. நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சுரந்து, அக்கட்டளையைச் சுரப்பியிடம் ஒப்படைக்கிறது, வேர்வை வருகிறது. நரம்புகள் இவ்வாறு வேதிப்பொருள்களைத் தூதுவிடுகின்றன என்று நிறுவியதற்காகவே ஹென்றி டேல், ஆட்டோ லோவி ஆகிய இருவர்க்கும் 1936-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தோலுக்குள் மாஸ்ட் உயிரணுக்கள் என்னும் காவலர் உளர். அவர்களிடம் ஹிஸ்டமின் என்னும் பொருள் சிறுசிறு பொதிகளாக அடைத்துவைக்கப்பட்டிருக்கிறது. அப்பொதிகள் அவிழ்ந்தால் இரத்த நுண்குழாய்கள் விரியும், நீர் கசியும், தோல் தடிக்கும், அரிக்கும். பகைவர் புகும்போது அவிழ வேண்டிய பொதிகள், எங்கள் உடலில் வேர்வை வரும்போதே அவிழ்ந்துவிடுகின்றன.

ஏன் அவிழ்கின்றன என்பதற்கு எல்லார்க்கும் ஒரே காரணம் இல்லை. சிலர்க்குத் தம் வேர்வையிலுள்ள ஒரு பொருளே ஒவ்வாததாகிறது. தோலில் வாழும் மலசீசியா என்னும் பூஞ்சை உண்டாக்கும் புரதம் ஒன்று அத்தகைய பொருள் என்று ஜப்பானிய ஆய்வாளர் 2013-இல் கண்டறிந்தனர். வேறு சிலர்க்கு வேர்வை சரிவரச் சுரப்பதில்லை. வேர்வைக் குழாய் அடைபட்டிருப்போரும் உளர். ஆகவே ஒருவர்க்குப் பயன்பட்டது மற்றவர்க்குப் பயன்படாது போவதில் வியப்பில்லை. வெப்பம் முதலிய புறக்காரணங்களால் எழும் இத்தகைய தடிப்பை அமெரிக்க மருத்துவர் டியூக் என்பவர் 1924-இல் எழுதி வெளியிட்டார். நூறு ஆண்டுகளாக மருத்துவ உலகம் அறிந்த நோய் இது. எவருடைய கற்பனையும் அன்று.

இன்னும் இரண்டு சொற்கள். இது தொற்றுநோய் அன்று. எங்களைத் தொடுவதாலோ, எங்கள் துண்டைப் பயன்படுத்துவதாலோ எவர்க்கும் வாராது. தோலில் வடுவும் வைப்பதில்லை.

காணாததை நம்புதல்

ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறோம். காலில் கட்டு இருந்தால் கண்டு இரங்குகிறோம். எங்கள் நோய் மட்டும் சான்று வைக்காமல் போய்விடுகிறது. காலையில் மைதானத்தில் எழுந்த தடிப்பு, மருத்துவமனைக்குச் சென்று, சீட்டு வாங்கி, மின்விசிறியின் கீழ் அமர்ந்து, எங்கள் முறை வருவதற்குள் மறைந்துவிடுகிறது. மருத்துவர் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் தோல் தெளிந்த நீர்போல் இருக்கிறது. அவரையும் குறை கூறுவதற்கில்லை.

நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு சிறுவன் பயின்ற பள்ளியில் நடந்ததைக் கேளுங்கள். உடற்பயிற்சி வகுப்பில் இரண்டு சுற்று ஓடியதும் அவன் நின்றுவிட்டான். உடம்பெல்லாம் குத்துகிறது என்றான். சோம்பேறித்தனம் என்று கருதிய ஆசிரியர் மேலும் இரண்டு சுற்று ஓடச் செய்தார். பின்னர் அவன் அழுதுகொண்டே தலைமையாசிரியரிடம் சென்று கைகளைக் காட்டினான். அதற்குள் கைகளில் ஒன்றும் இல்லை. சோம்பல் என்ற பழியோடு பொய் என்ற பழியும் சேர்ந்தது. அதன் பிறகு அவன் வீட்டிலும் சொல்வதை நிறுத்திவிட்டான். விளையாட்டு வகுப்பு உள்ள நாள்களில் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டான். உண்மையைச் சொன்ன பிள்ளையை நம்பாததால், அவன் பொய் சொல்லக் கற்றுக்கொண்டான்.

ஒரு பெண்ணின் வீட்டில் நடந்தது வேறு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று மே மாதப் பிற்பகலில் பட்டுப்புடவை உடுத்தி, அடுக்களைச் சூட்டில் பலகாரத் தட்டோடு நின்றாள். புடவையின் வெப்பம், அடுப்பின் வெப்பம், நாணம் மூன்றும் கூடின. கழுத்தில் தடிப்பு எழுந்தது. வந்தவர்களுள் ஒரு மூதாட்டி, "பெண்ணுக்குத் தோல் நோயோ?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியோடு பேச்சு நின்றுபோயிற்று. அதனினும் வருந்தத்தக்கது, அதன்பின் அவ்வீட்டார் மருத்துவரிடம் செல்லவே அஞ்சினர் என்பது. சென்றால் செய்தி பரவும் என்று எண்ணினர்.

இத்தகைய நிலைக்கு இரண்டு எளிய மருந்துகள் உண்டு. முதலாவது, கைபேசி. தடிப்பு எழுந்தவுடன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தடிப்பின் அருகே ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்தால் அளவும் தெரியும். இரண்டாவது, ஒரு குறிப்பேடு. எத்தேதி, எந்நேரம், அதற்குமுன் என்ன செய்தோம், என்ன உண்டோம், எவ்வளவு நேரம் இருந்தது என ஐந்து பத்திகள் போதும். பதிவேடு எழுதியே வாழும் எங்களுக்கு இது பழகிய தொழில்தானே! நான்கு வாரக் குறிப்பும் நான்கு படமும் இருந்தால், தோல் மருத்துவர் நோயின் பெயரை விரைவில் கூறிவிடுவார்.

ஐயம் இருப்பின் அவர் சோதனையும் செய்வார். வேர்க்கும்வரை மிதிவண்டிப் பொறியிலோ நடைப்பொறியிலோ பயிற்சி செய்யவைத்துத் தோலை நோக்குவார். மற்றொரு நாள் 42 பாகை வெந்நீரில் இருத்தி, உடலின் சூடு 1 பாகை ஏறும்போது தடிப்பு வருகிறதா என்று பார்ப்பார். உழைப்பின்றி வெறும் வெப்பத்தாலும் தடிப்பு வந்தால் அது எங்கள் நோய் என்று உறுதியாகும். இச்சோதனையை வீட்டில் செய்து பார்க்கலாகாது. மருத்துவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும்.

நாகபுரி வெயிலும் குளிரும்

ஊரில் நமக்குக் கத்திரி வெயில் போல, இங்கே நவதபா என்று ஒன்று உண்டு. மே மாத இறுதியில் 45 பாகையைத் தாண்டும் நாள்களும் வருகின்றன. அந்நாள்களில் எங்கள் நிலை எப்படியிருக்கும் என்று நீங்கள் எண்ணக்கூடும். கேட்டால் வியப்படைவீர்கள். எங்களிற் சிலர்க்கு மே மாதத்தைவிட டிசம்பர் மாதமே கொடியது.

காரணம் உண்டு. கோடையில் நாள்தோறும் வேர்த்துப் பழகிய உடலில் தடிப்பு குறைகிறது. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் வேர்வையே இல்லை. அந்நிலையில் கம்பளிச் சட்டையோடு வண்டியைப் பிடிக்க ஓடினாலோ, கொதிக்கும் நீரில் குளித்தாலோ, அடைந்து கிடந்த வெள்ளம் உடைத்துக்கொண்டதுபோல் தடிப்பு பாய்கிறது. கொரியா, ஜப்பான் நாட்டு மருத்துவர்களும், குளிர்காலத்தில் நோய் மிகுபவர் உளர் என்று எழுதியுள்ளனர். கோடையில் மிகுபவரும் உண்டு. தம் உடல் எவ்வகை என்று அறிய, முன்பு சொன்ன குறிப்பேடே துணை.

நாங்கள் பட்டறிந்த சில முறைகளைச் சொல்கிறோம். குளிர்காலத்திலும் வெதுவெதுப்பான நீரே போதும். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கையும் தீபாவளிக் குளியலையும் விட வேண்டுவதில்லை. நீரின் சூட்டைக் குறைத்தால் போதும். கனத்த ஒரு சட்டைக்குப் பதிலாக மெல்லிய பருத்தி ஆடைகள் இரண்டு மூன்று அணிந்தால், சூடேறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஈரத்துண்டு ஒன்றும் குடிநீரும் பையில் இருக்கட்டும். சுருக்கென்ற முதற்குத்து வந்தவுடன் நின்று, காற்றோட்டமான இடத்தில் கழுத்தையும் கைகளையும் நனைத்தால் பெரும்பாலும் பாதியில் அடங்கும்.

ஓடாதே என்பது மருந்தாகாது

வேர்த்தால் நோய் வருகிறது. எனவே வேர்க்காமலே இருந்துவிடலாம் என்று எண்ணுவது எளிது. பெற்றோர் பலர் அவ்வாறே பிள்ளைகளை நிழலில் உட்காரவைக்கின்றனர். அது அன்பால் செய்வதே. ஆனால் முடிவில் பிள்ளையின் உடலும் தளர்கிறது, நோயும் நீடிக்கிறது.

ஒரு முறை தடிப்பு வந்து அடங்கியபின் சில மணி நேரம், சிலர்க்கு ஒரு நாள்வரையிலும்கூட, மீண்டும் வருவதில்லை. இதனை அறிந்த மருத்துவர்கள், தகுந்தவர்க்கு நாள்தோறும் சிறிது சிறிதாக வேர்க்கும் பயிற்சியை அளிக்கின்றனர். அவ்வாறு பழகியவர் பலர்க்கு நோயின் வேகம் தணிகிறது. மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தவர்க்கு மட்டும் இது ஆகாது. ஆதலால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கலாகாது.

நம் குடியிருப்பு இளைஞர்க்கு இது வெறும் விளையாட்டுச் செய்தி அன்று; பிழைப்புச் செய்தி. 'குரூப் டி' என்று நாம் வழங்கும் ரயில்வேப் பணிகளுக்கான உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 35 கிலோ எடையை 2 நிமிடத்தில் 100 மீட்டர் தூரம் இடையில் இறக்காமல் சுமக்க வேண்டும். 1000 மீட்டரை 4 நிமிடம் 15 நொடியில் ஓட வேண்டும். பெண்கள் 20 கிலோ சுமந்து, 1000 மீட்டரை 5 நிமிடம் 40 நொடியில் ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரே வாய்ப்பு. எழுத்துத் தேர்வுக்கு ஈராண்டு படித்த ஓர் இளைஞர், டிசம்பர் விடியற்காலையில் ஓடிப் பழகத் தொடங்கியதும் தடிப்பு வாட்டவே, விண்ணப்பத்தையே கைவிட எண்ணினார். "நம் குடும்பத்துக்கு இது விதிக்கப்படவில்லை" என்று அவருடைய தாயாரும் சொல்லிவிட்டார்.

அவரைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். குறிப்பேட்டைப் பார்த்த மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். பயிற்சியை மாலைக்கு மாற்றச் சொன்னார். முதல் வாரம் நடை மட்டும். மறு வாரம் விரைந்த நடை. பின்னர் இருநூறு மீட்டர் ஓட்டம். துணைக்கு ஒருவர் எப்போதும் உடன் இருந்தார். மூன்றாம் மாதத்தில் தடிப்பு முற்றிலும் போகவில்லை. ஆனால் ஓட்டத்தைத் தடுக்கவும் இல்லை. 1000 மீட்டரை உரிய நேரத்துக்குள் அவர் ஓடி முடித்ததை, கடிகாரம் பிடித்தவர் என்ற முறையில் நாங்களே கண்டோம். தேர்வின் முடிவு நம் கையில் இல்லை. ஆனால் ஓடிப் பார்க்கும் உரிமையை அந்நோயிடம் இழக்கவில்லை என்பதே பெரிது.

மருந்தும் எச்சரிக்கையும்

ஹிஸ்டமினின் செயலைத் தடுக்கும் மாத்திரைகளே முதல் மருந்து. இத்துறையில் வழிகாட்டிய டேனியல் போவே அவர்கட்கு 1957-இல் நோபல் பரிசு கிடைத்தது. குளோர்பெனிரமின், பெனிரமின் முதலிய பழைய மருந்துகள் உறக்கத்தைத் தருவன. வண்டி ஓட்டுவோர், கேட் காப்போர், பாயிண்ட்ஸ் மாற்றுவோர், தண்டவாளத்தில் வேலை செய்வோர் ஆகிய நம்மவர்க்கு அவ்வுறக்கம் ஆபத்தானது. அவர்கள் தம் பணி இன்னதென்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்காலத்து மருந்துகளுள் செட்டிரிசின் சிலர்க்குச் சிறிது உறக்கம் தரும். பெக்ஸோபெனடின், பிலாஸ்டின் ஆகியவற்றில் அது மிகக் குறைவு.

இங்கே நாகபுரிவாசிகளாகிய நாம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. பெக்ஸோபெனடின் மாத்திரையை ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்கினால், அது உடலில் சேர்வது குறைந்துவிடும். ஆப்பிள் சாறும் அவ்வாறே. வெறும் தண்ணீரோடுதான் உட்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பழத்தின் பெருமையை வேறு வேளையில் சுவைக்கலாம். (சிரிப்பு)

மாத்திரையைத் தடிப்பு வந்தபின் விழுங்குவதைவிட, மருத்துவர் கூறியபடி நாள்தோறும் உட்கொள்வதே பயன் தரும். ஒரு மாத்திரை போதாதபோது அளவைக் கூட்டுவதுண்டு; நான்கு மடங்குவரை கூட்டலாம் என்று உலக மருத்துவர் குழுவின் வழிகாட்டி கூறுகிறது. ஆனால் கூட்ட வேண்டியவர் மருத்துவரே, நாம் அல்லோம். அதிலும் அடங்காதவர்க்கு ஒமலிசுமாப் என்னும் ஊசி மருந்து சிலருக்குப் பயன்படுகிறது. கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது மட்டும் வேண்டவே வேண்டா. தடிப்பு அடங்கினாலும் எலும்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றில் அவை வேறு கணக்கைத் தொடங்கிவிடும்.

இனி, எல்லாரும் நினைவில் இருத்த வேண்டிய எச்சரிக்கை. உழைப்பின்போது உதடும் கண்ணிமையும் வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு இரைத்தால், தலைசுற்றி விழ நேர்ந்தால், அது வெறும் காணாக்கடி அன்று. அரிதாகச் சிலர்க்குக் குறிப்பிட்ட உணவை உண்டு சில மணி நேரத்துக்குள் ஓடினால் இவ்வாபத்து வருகிறது. அவ்வுணவுகளுள் கோதுமையும் ஒன்று, இறாலும் ஒன்று. சப்பாத்தி தனியாக உண்டாலும் ஒன்றும் இல்லை, ஓட்டம் தனியாக ஓடினாலும் ஒன்றும் இல்லை, இரண்டும் சேர்ந்தால் மட்டும் தீங்கு என்பதால் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம். அத்தகையவரை உடனே படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்காரவைக்கலாம். 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே அட்ரினலின் ஊசியே உயிர் காப்பது. ஈரத்துணியும் மாத்திரையும் அதற்கு ஈடாகா. தடிப்பு மறையட்டும் என்று வீட்டில் காத்திருக்கலாகாது.

உங்களிடம் வேண்டுவன

பெரியோர்களே! இந்நோய் சிலர்க்குச் சில ஆண்டுகளிலும், வேறு சிலர்க்குப் பல ஆண்டுகள் கழித்தும் தானே தணிகிறது. அதுவரை நாங்கள் உங்கள் நடுவில்தான் வாழப் போகிறோம். ஆகவே சில வேண்டுகோள்களை உரிமையோடு வைக்கிறோம்.

தாய்மார்களே! உங்கள் பிள்ளை, "உடம்பு குத்துகிறது" என்று சொன்னால், தோலைப் பார்க்குமுன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அங்கே ஒன்றும் காணோம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மே மாதத்தில் அடுக்களையில் மணிக்கணக்கில் நிற்கும் மருமகள், "சற்றே வெளியே போய் வருகிறேன்" என்றால் சாக்கு என்று கொள்ளாதீர்கள். அவள் சொல்லாமல் மறைக்கும் தடிப்பு அங்கே இருக்கக்கூடும்.

விழாப் பொறுப்பாளர்களே! பொங்கல் விளையாட்டுப் போட்டிகளைக் குளிர்ந்த காலை நேரத்தில் மட்டும் வைக்காமல், பிள்ளைகள் உடலைச் சற்றே பதப்படுத்திக்கொள்ள அரை மணி அவகாசம் கொடுங்கள். ஓட விரும்பாத பிள்ளையை மேடைக்கு அழைத்து நாணச் செய்யாதீர்கள். ஓட விரும்பும் பிள்ளையை நோயாளி என்று விலக்கவும் செய்யாதீர்கள். பந்தலின் ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு துண்டுகளும் இருந்தால் போதும். பங்குனி உத்திரத்தில் காவடி எடுக்கும் எங்கள் இளைஞரோடு நடந்து வருவோர் அதே தண்ணீரைச் சுமந்து வந்தால், அதுவும் ஒரு தொண்டே.

சம்பந்தம் பேசும் பெரியோர்களே! தொற்றாததும், வடு வைக்காததும், மாத்திரைக்கு அடங்குவதும் ஆன ஒரு நோயை வைத்துப் பெண்ணையோ பிள்ளையையோ எடைபோடாதீர்கள். மறைக்க வேண்டிய அச்சம் இல்லாத வீட்டில்தான் மருத்துவம் காலத்தில் தொடங்கும்.

இந்நோயுடைய இளைஞர்களே! நீங்களும் மறைக்காதீர்கள். எழுதி வையுங்கள், படம் எடுத்து வையுங்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். தனியே ஓடாதீர்கள், ஆனால் ஓடுவதை விட்டுவிடாதீர்கள். துணை தேவையெனில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மாலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் நடக்கும் எங்களோடு நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

பிறந்த ஊரைவிட்டு வந்த நாம், நோயிலும் தேர்விலும் திருமணத்திலும் ஒருவர்க்கொருவர் உறவாக நிற்பதற்காகவே இச்சங்கத்தை வைத்திருக்கிறோம். கண்ணால் காணும் துன்பத்துக்கு உதவுவதில் இச்சங்கம் என்றும் பின்வாங்கியதில்லை. சொன்ன சொல்லை நம்பி, காணாத துன்பத்துக்கும் உதவ வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம். அதனை இவ்வவையின் முன் பணிவோடு வைக்கிறோம்.